அத்தான் முட்டியில் ஓர் அம்புக்குறி

எங்கள் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், குளிர்பானக் கம்பெனியில் பாட்டில் நிரப்பும் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஓடும் பட்டையின் மேல் கண்ணாடி பாட்டில்கள் வரிசை கட்டி வரும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் உரசிக்கொண்டும் ஒரு நிமிஷம் ஓயாது. ஒரு தடவை அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க நான் உள்ளே போனேன். வெளியே வந்த பிறகும் சாயங்காலம் வரைக்கும் என் காதுக்குள் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் பாதி ஆயுசை அதற்குள்ளேயே கழித்தவர். காதில் வைத்துக்கொள்ளக் கம்பெனியில் அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்தால் மெஷின் தகராறு பண்ணுவது தெரியாது என்று ஆளாளுக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார்களாம்.

காது ஒரே நாளில் போகவில்லை. முடி கொட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. முதலில் அலாரம் கேட்கவில்லை, பிறகு வாசல் மணி, பிறகு முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிற குரல். இதெல்லாம் பின்னால் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்போது மூச்சு விட்டதில்லை. சமாளிக்க அவர் கையில் ஒரே ஒரு வித்தை இருந்தது. யார் எது சொன்னாலும் முகத்தைப் பார்ப்பார், லேசாகச் சிரிப்பார், “சரி” என்று தலையாட்டுவார்.

பெரும்பாலும் அது ஒத்துப்போய்விடும். மனுஷர்கள் பேசுகிற பேச்சில் முக்கால்வாசிக்குச் ‘சரி’ என்பதே போதுமான பதில். மீதி கால்வாசியில்தான் கூத்து. மாடி வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், இவர் சரி என்றார். மறுநாள் காலை வாசலில் ஒரு நாயும் அதன் சாப்பாட்டுத் தட்டும் வந்து நின்றன. அவர்கள் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிப் போயிருந்தார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சும்மா தலையைக் காட்டிவிட்டு வரப் போனவர் செயலாளராகத் திரும்பி வந்தார். முடிவெட்டிக்கொள்ளப் போய் மீசை இல்லாமல் வந்ததும் உண்டு. அக்கா கதவைத் திறந்து, யாரோ என்று பயந்து மூடப் பார்த்தாள். ஒரு மாறுதலுக்காக எடுத்தேன் என்று அத்தான் சாதித்துவிட்டார். நாங்கள் எல்லாம் என்ன நினைத்தோம் என்றால், மனுஷன் தங்கமானவர், யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது என்று. தங்கமானவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதிக் காரணம் காது.

அக்கா பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டரில் இருக்கிறாள். நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவள். அதனால் வீட்டுக்கு வந்தாலும், கடைக்குப் போனாலும், அத்தானிடம் யாராவது ஒன்று கேட்டால் இவள் வாயிலிருந்துதான் பதில் வரும். அத்தானுக்கு அது வசதியாகப் போயிற்று. அக்காவுக்கும் தான் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்கிற புருஷன் கிடைத்தது குறையாகத் தெரியவில்லை. சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டால் மட்டும், “ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடறாரு” என்று என்னிடம் போனில் புலம்புவாள். ஒரு காதிலும் வாங்கவில்லை என்பது அவளுக்கே தெரியாது.

இப்படி இருக்கும்போது அத்தானுக்கு வயிற்றில் வலி வந்தது. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். அங்கிருந்து தோள்பட்டை வரைக்கும் ஏறும். வாயுத் தொல்லை என்று ஓமத்தைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்தினார். ஒரு நாள் வேலையிடத்திலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கல். பையையே எடுத்துவிடுவது நல்லது, பெரிய காயம் இருக்காது, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். இதை டாக்டர் அக்காவிடம் சொன்னார். அத்தான் தலையாட்டினார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் ஆண்கள் வார்டில் சேர்த்தார்கள். அப்போது வார்டில் இருமலும் ஜுரமும் பரவிக்கொண்டிருந்ததால் டாக்டர், நர்ஸ், பெருக்குகிறவர் வரை அத்தனை பேரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். பேர், வயசு, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்ட எல்லாவற்றுக்கும் வழக்கம்போல அக்காதான் பதில் சொன்னாள். அத்தான் கையில் பேர் எழுதிய பட்டையைக் கட்டினார்கள். கட்டிலின் கால்மாட்டில் அவருடைய ஃபைலை மாட்டினார்கள். சாயங்காலம் பார்வை நேரம் முடிந்ததும் பெண்கள் இருக்கக் கூடாது என்று அக்காவை அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் நாளை மத்தியானத்துக்கு மேல்தான், காலையிலேயே வந்துவிடுகிறேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

அக்கா போன பிறகுதான் அத்தானுக்கு ஒன்று உறைத்தது. இங்கே யார் பேசினாலும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கம்பெனியில், வீட்டில், கடையில் எல்லாம் ஏதோ அரைகுறையாவது விளங்கும். இங்கே சுத்தமாக இல்லை. ஆஸ்பத்திரியில் மெதுவாகத்தான் பேசுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாகத் தான் காதால் கேட்கவில்லை, எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. இங்கே உதடுகள் எல்லாம் துணிக்குப் பின்னால் இருந்தன.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். வாழ்நாள் முழுக்க மிஷினை மிதித்து வலது முட்டி தேய்ந்துபோய், அதைச் சரி பண்ண வந்திருந்தார். அவரும் கவசம் போட்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அவர் முட்டியைத் தடவிக்கொண்டே அத்தானிடம் ஏதோ கேட்டார். அத்தான் சரி என்றார். உடனே தையல்காரர் தன்னுடைய பை, போர்வை, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து அத்தானின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் கட்டில் கழிப்பறைக்குப் பக்கம், எனக்கு நடக்க முடியவில்லை, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். விஷயம் புரிந்ததும் அத்தானுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பாவம், முட்டி வலி. தன் பையை எடுத்துக்கொண்டு போய்த் தையல்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டார். ஆட்கள் மாறினார்கள். ஃபைல்கள் மாறவில்லை.

மறுநாள் காலையில் ஒரு சின்ன வயது நர்ஸ் ஊசி குத்த வந்தாள். இடது கையில் நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. வலது மணிக்கட்டில் நல்ல நரம்பு தெரிந்தது, ஆனால் பேர்ப்பட்டை அதன் மேலேயே இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு ஊசியைச் செருகினாள். போகும்போது ஏதோ சொன்னாள். அத்தான் சரி என்றார். புதுப் பட்டை கொண்டு வந்து கட்டுகிறேன், நான் மறந்துவிட்டால் ஞாபகப்படுத்துங்கள் என்று சொன்னாளாம். அவள் மறந்துவிட்டாள். அத்தானும் ஞாபகப்படுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் வந்து கால்மாட்டில் இருந்த ஃபைலைப் பார்த்தார், ஏதோ கேட்டார், தலையாட்டலை வாங்கிக்கொண்டு, வேட்டியை ஒதுக்கி வலது முட்டியைச் சுற்றி முடியை மழிக்க ஆரம்பித்தார். வயிற்றுக்கு எதற்கு முட்டி என்று அத்தானுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவரே அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். என் கணவருக்குப் போன வருஷம் நெஞ்சில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொடை வழியாகத்தான் குழாய் விட்டார்கள். நெஞ்சுக்குத் தொடை வழி என்றால் வயிற்றுக்கு முட்டி வழியாக இருக்கலாம். படித்தவர்கள், தெரியாமலா செய்வார்கள்.

அடுத்து ஓர் இளம் டாக்டர் வந்தார். அவர் முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அத்தான் தலையாட்டினார். டாக்டர் பேனாவை எடுத்து முட்டிக்கு மேலே ஓர் அம்புக்குறி போட்டார். அதன் மூக்கு நேராக முட்டிச்சில்லைக் காட்டியது. பக்கத்தில் ‘வலது’ என்று எழுதினார்.

அந்த அம்பைப் பார்த்தபோதுதான் அத்தான் கண்டுபிடித்த சமாதானம் ஆட்டம் கண்டது. அதற்குள் தள்ளுகட்டில் வந்துவிட்டது. இரண்டு பேர் அவரைத் தூக்கி அதில் மாற்றினார்கள். தையல்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வையைத் தலையோடு இழுத்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் நகர்ந்தது. மல்லாந்து படுத்தபடி தாழ்வாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் போவதைப் பார்த்துக்கொண்டே வந்த அத்தானுக்கு, நேற்று சாயங்காலம் தையல்காரர் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. வலது முட்டி. படுத்திருந்தது அவருடைய கட்டில். கால்மாட்டில் இருந்தது அவருடைய ஃபைல்.

வாயைத் திறந்து, நான் அவன் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நாம் கேட்போம். நானும் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. “சொல்லணும்னா முதல்ல எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லணுமே. அதை நான் உங்க அக்காகிட்டயே சொன்னதில்லையே” என்றார். அது மட்டும் இல்லை. காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டார்கள், அத்தனை பேருக்கும் ஆமாம் என்று தலையாட்டியாகிவிட்டது. இப்போது இல்லை என்றால் பைத்தியம் என்று நினைக்க மாட்டார்களா என்ற கூச்சம் வேறு. கத்தி வைக்கப் போகிற நேரத்திலும் மனுஷனுக்குக் கூச்சம் விடவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் ஒரு காத்திருப்பு அறை. பச்சைத் திரை போட்டுத் தடுத்திருந்தது. அங்கே இருந்த நர்ஸ் கொஞ்சம் வயதானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் மூச்சுக்காற்றில் கண்ணாடி ஆவி படிந்து ஆவி படிந்து தெளிந்தது. அவர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்து ஒன்று கேட்டார். அத்தான் தலையாட்டினார்.

அதுவரைக்கும் தலையாட்டலைப் பார்த்ததும் எல்லாரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த நர்ஸ் போகவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். அத்தான் மறுபடியும் தலையாட்டி, நிச்சயத்துக்கு “சரி” என்றும் சொன்னார். நர்ஸ் பேனாவை ஃபைல் மேல் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏனென்றால் அவர் கேட்டது, “உங்க பேர் என்ன?” என்று. அதற்கு ஆமாம் என்றோ சரி என்றோ பதில் கிடையாது.

அந்த அம்மாவின் கண்ணில் கோபம் இல்லை, காத்திருக்கிற பார்வைதான் இருந்தது என்று அத்தான் சொன்னார். அந்தப் பார்வைதான் அவருக்கு வாயைத் திறந்துவிட்டது.

“எனக்குக் காது கேக்காதும்மா” என்றார். “காலைலேர்ந்து யார் என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன்.”

நர்ஸ் இரண்டு அடி பின்னால் போய்க் கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அத்தான் பார்த்த முதல் முழு முகம் அது.

“பரவால்ல. என் வாயைப் பாருங்க. உங்க பேரை நீங்களே சொல்லுங்க.”

அத்தான் சொன்னார்.

“உங்களுக்கு இன்னிக்கு என்ன ஆபரேஷன்?”

“பித்தப்பைல கல்லு. இங்க” என்று விலாவைத் தொட்டுக் காட்டினார். பிறகு வேட்டியை விலக்கி அம்பையும் காட்டினார். “இது பக்கத்துக் கட்டில்காரரோட முட்டிக்கு வேண்டியது. கட்டிலை மாத்திக்கிட்டோம்.”

நர்ஸ் ஃபைலைப் பார்த்தார், பட்டை இல்லாத இரண்டு மணிக்கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அம்பைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், இவரைக் கொண்டு வரக் கூடாது, எல்லாரும் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்து அத்தானின் தோளில் கையை வைத்து, “நல்லவேளை சொன்னீங்க” என்றார். அந்த அம்மா ஒரு போர்வையைக் கொண்டு வந்து மூடிவிட்டு, மற்றவர்கள் வந்து சேரும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

இது கீழே நடந்துகொண்டிருக்கும்போது அக்கா மேலே வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அன்றைக்கு என்னவோ பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது. நேராக அத்தானின் கட்டிலுக்குப் போனாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஆள் தூங்குவதைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, கம்பெனி மேஸ்திரி போன் பண்ணியது, ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் உளறக் கூடாது என்பது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள். பதில் வராதது அவளுக்குப் புதிதில்லை. கடைசியில், கேட்கிறீர்களா இல்லையா என்று போர்வையை இழுத்தாள். உள்ளே தையல்காரர் விழித்துக்கொண்டு, அசையாமல், பயத்தோடு பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“எல்லாத்தையும் கேட்டேம்மா” என்றார் அவர். “ஆனா நீங்க யாருன்னுதான் தெரியல.”

என் வீட்டுக்காரர் எங்கே என்று அக்கா கேட்டாள். தையல்காரர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். அது காலியாக இருந்தது. அவரே அப்போதுதான் கவனித்தார். அக்கா கால்மாட்டில் தொங்கிய ஃபைலைப் பார்த்தாள். அதில் அத்தானின் பேர். காலிக் கட்டிலின் கால்மாட்டில் ஃபைலே இல்லை. விசாரணை கவுண்டரில் உட்கார்ந்து, எந்த வண்டியில் யார் மாறி ஏறினார்கள் என்று அன்றாடம் பார்க்கிறவள். ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நர்ஸுகளின் மேஜைக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்கும் தியேட்டரிலிருந்து போன் வருவதற்கும் சரியாக இருந்தது.

போனில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் காலுக்குக் கீழே தரையே இல்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். ஆபத்து ஒன்றும் இல்லை, உள்ளே கொண்டு போகவில்லை, திருப்பி அனுப்புகிறார்கள் என்று சொன்ன பிறகும் அவள் நம்பவில்லை. லிஃப்ட் வாசலில் போய் நின்றுகொண்டாள். கதவு திறந்தது. தள்ளுகட்டிலில் அத்தான் உட்கார்ந்தபடியே வந்தார். அக்கா அவரைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணும் பண்ணல” என்றார் அத்தான். “முட்டில முடியை மட்டுந்தான் எடுத்தாங்க.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்து நான் போனபோது வார்டே அமர்க்களமாக இருந்தது. பெரிய டாக்டர், முட்டி டாக்டர், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, தலைமை நர்ஸ் என்று எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். தப்பு எங்கள் மேல்தான், பட்டை இல்லாத நோயாளியை வார்டை விட்டே கொண்டு போயிருக்கக் கூடாது, ஆளிடம் பேர் கேட்காமல் ஃபைலை மட்டும் பார்த்தது அதைவிடத் தப்பு என்று பெரிய டாக்டர் மழுப்பாமல் சொன்னார். முட்டி டாக்டர், தான் உள்ளே முகத்தைப் பார்த்திருந்தாலே தன்னுடைய நோயாளி இல்லை என்று கண்டுபிடித்திருப்பேன் என்றார். கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அதற்குள் மயக்க ஊசி போட்டிருப்போமே என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

அம்புக்குறி போட்ட இளம் டாக்டர் தனியாக வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. அத்தானிடம் ஏதோ சொல்லித் தலைகுனிந்தார். அத்தான் வழக்கம்போல ஆரம்பித்த தலையாட்டலைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “தம்பி, கவசத்தை இறக்கிட்டுச் சொல்லுங்க, எனக்குக் கேக்கல” என்றார். அந்தப் பிள்ளை மன்னிப்பை முதலிலிருந்து மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று. அத்தான் எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் சீர்பட்டது. அத்தானின் இடது கையில் புதுப் பட்டை வந்தது. கட்டில்களைப் பழையபடியே மாற்றினார்கள். தையல்காரருக்குக் கழிப்பறை போகக் கைத்தாங்கல் கொடுக்க ஆள் போட்டார்கள். தலைமாட்டில் பெரிய எழுத்தில், இவருக்குக் காது மந்தம், எதிரில் நின்று முகம் தெரியப் பேசவும், பதிலை அவர் வாயால் கேட்டு வாங்கவும் என்று எழுதி ஒட்டினார்கள். வாய் தெரிகிற மாதிரி கண்ணாடித்தாள் வைத்த கவசம் ஒன்றை டாக்டரம்மா எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்தார். மறுநாள் ஆபரேஷன் என்ன, எப்படித் தூங்க வைப்பார்கள், விழிக்கும்போது தொண்டை எப்படி இருக்கும் என்று அவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அத்தான் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். அதுவரைக்கும் இந்தக் கல்லைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்த அளவுகூடத் தனக்குத் தெரியாமல் இருந்தது என்றார் பிறகு.

அக்காவுக்கு முதலில் ஆஸ்பத்திரி மேல் கோபம். அது தணிந்ததும் அத்தான் மேல் திரும்பியது. அன்று மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அப்ப இத்தனை வருஷமா நான் பேசினதுல எவ்வளவுதான் உங்க காதுல விழுந்துது?”

அத்தான் யோசித்தார். “பாதி விழுந்திருக்கும்.”

“மீதி?”

“மீதிய உன் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவேன். கோவமா, சந்தோஷமா, உப்பு வாங்கணுமான்னு.”

உப்பு வாங்க வேண்டும் என்பது ஒரு முகத்தில் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அக்கா என்னைச் சும்மா இரு என்றாள். அதற்கு மேல் அவளுக்குக் கோபம் நிற்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள். அத்தான் போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே, காது கேட்கவில்லை என்றால் கம்பெனியில் மெஷினை விட்டு எடுத்து வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன் என்றார். ஒரு தடவை சொல்லாமல் விட்டாயிற்று, அப்புறம் சொல்வதற்கு வெட்கமாகப் போயிற்று என்றார். அக்கா அவர் கையிலிருந்து போர்வை நுனியைப் பிடுங்கி நீவிவிட்டாள்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. உள்ளே போகும்வரைக்கும் நாலு பேர் நாலு தடவை பேர் கேட்டார்கள், நாலு தடவையும் பேரும் ஊரும் வியாதியும் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன் என்று அத்தான் கண் விழித்ததும் பெருமையாகச் சொன்னார். கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அதை நாங்கள் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தோம். இவ்வளவு சின்னதா அவ்வளவு வலி கொடுத்தது என்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. தையல்காரருக்கும் அன்றே முட்டி முடிந்தது. அவர் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, “உங்க முட்டில பண்ணியிருந்தா என் வலி போயிருக்குமா சார்?” என்று கேட்டார். தையல் பிரிந்துவிடும், சிரிக்க வைக்காதீர்கள் என்று அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மூக்குக்கண்ணாடி நர்ஸை வீட்டுக்குக் கிளம்புகிற அன்று தேடிப் போய்ப் பார்த்தார்கள். அக்கா அவர் கையை விடவே இல்லை. அவருக்குக் கூச்சமாக இருந்தது. நான் எல்லாரிடமும்தான் கேட்கிறேன், உங்கள் பேர் இன்னார்தானே என்று கேட்டால் பயத்தில் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அதனால் பேரை அவர்களையே சொல்லச் சொல்வேன், அவ்வளவுதான் என்றார். அக்காவுக்கு அது மனதில் தைத்துவிட்டது. இப்போது கவுண்டரில் அவளும் அப்படித்தான் கேட்கிறாளாம், நீங்கள் போகவேண்டிய ஊரை நீங்களே சொல்லுங்கள் என்று.

உடம்பு தேறியதும் அக்கா அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். சத்தம் புகாத கண்ணாடி அறை ஒன்று. அத்தானை உள்ளே உட்கார வைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே மெஷினுக்குப் பக்கத்தில் எங்களை உட்கார வைத்தாள் பரிசோதனை செய்கிற பெண். அவள் ஒவ்வொரு சத்தம் அனுப்பும்போதும் மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரியும். அத்தான் பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இன்னொரு விளக்கு எரியும்.

ஆரம்பத்தில் இரண்டும் மாறி மாறி எரிந்தன. பிறகு முதல் விளக்கு மட்டும் எரிந்தது. எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தான் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். அக்கா விளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தனக்குத் தெரியாமல் பக்கத்திலேயே இத்தனை நாள் இருந்த ஒன்றை அவள் அப்போதுதான் கண்ணால் பார்த்தாள்.

பரிசோதனை செய்த பெண் எல்லாம் விளக்கிச் சொன்னாள். போனது திரும்பாது, ஆனால் இரண்டு காதுக்கும் கருவி வைத்தால் பேச்சு நன்றாகப் புரியும். வேலையிடத்தில் மட்டும் இனிமேல் கட்டாயம் காதை மூடித்தான் ஆக வேண்டும், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள அது ஒன்றுதான் வழி. கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்தாள். அத்தான் பயந்த மாதிரி அவர்கள் அவரைக் கேட்டில் உட்கார வைக்கவில்லை. மெஷின் நின்றால் மஞ்சள் விளக்கு சுழல்கிற மாதிரி மட்டும் செய்து கொடுத்தார்கள்.

அன்றைக்கு வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தான் முன்னால் நடந்தார். கருவிக்காகக் காதில் அளவெடுக்க வைத்த பசை கொஞ்சம் அவர் காதுமடலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா எட்டிப் போய் முந்தானையால் துடைத்துவிட்டாள். மூன்று பேரும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். பெரிய ஆபத்து ஒன்று பக்கத்தில் வந்து, சட்டையை உரசிவிட்டுப் போய்விட்டது என்பது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் அக்கா எனக்குப் போன் செய்தாள். குழாய்க்காரர் வந்திருக்கிறார், அத்தான் அவரோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறார் என்றாள். குரலே தெளிவாக இருந்தது. ராத்திரி தூங்கினாயா என்று கேட்டேன்.

“படுத்ததுதான் தெரியும்டி” என்றாள். “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.”